காய் பிடிக்கும் இரவுகள்

குண்டு மிளகாய், சம்பா மிளகாய், பஜ்ஜி மிளகாய், குடைமிளகாய் நான்கும் தாவரவியல் ஏட்டில் ஒரே இனம்தான்: காப்சிகம் ஆனுவம். ஒன்றின் மகரந்தம் மற்றொன்றின் பூவில் விழுந்தால் விதை பிடிக்கும். அந்த விதை முளைக்கவும் செய்யும். பூக்களைப் பறித்து வரிசையாக வைத்தால், குடைமிளகாய்ப் பூ கொஞ்சம் பெரிது என்பதைத் தவிர வேறு வித்தியாசம் சொல்வது கடினம்.

ஆனால் திருச்சியிலோ மதுரையிலோ மாடித்தோட்டத்தில் மிளகாயையும் குடைமிளகாயையும் அருகருகே வைத்தவர்கள் வேறு கதை சொல்வார்கள். மிளகாய், அடுப்படி வாசலில் கொட்டிய விதையிலிருந்துகூட முளைத்து, சித்திரை வெயிலிலும் ஏதோ நாலு காய் கொடுத்துவிடும். குடைமிளகாய் செழித்து வளரும், கரும்பச்சையாக இலை விடும், மொட்டு வைக்கும், பூக்கும். அதற்குப் பிறகு பூக்களெல்லாம் காம்போடு தரையில் கிடக்கும். உரம் போதவில்லை என்பார் ஒருவர். பூச்சி என்பார் இன்னொருவர். கண் பட்டுவிட்டது, எலுமிச்சையும் மிளகாயும் கட்டுங்கள் என்பவரும் உண்டு; மிளகாய்ச் செடிக்கே மிளகாய் கட்டுவது எந்தக் கணக்கில் சேரும் என்று தெரியவில்லை.

காரணம் பெரும்பாலும் இரவு வெப்பநிலைதான். பகல் வெயிலை நாம் பார்க்கிறோம், அதற்காகக் கவலைப்பட்டு நிழல்வலை கட்டுகிறோம். நாம் தூங்கும் நேரத்தில் செடிக்கு என்ன நடக்கிறது என்பதை யாரும் பார்ப்பதில்லை. அதைப் புரிந்துகொள்ள, குடைமிளகாய் எப்படிக் குடைமிளகாய் ஆனது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

காட்டு மிளகாய் இன்றும் மெக்சிகோவிலும் அதை ஒட்டிய அமெரிக்கப் பகுதிகளிலும் புதர்களில் வளர்கிறது. காய் ஒரு பட்டாணி அளவுதான். வானத்தைப் பார்த்து நிமிர்ந்து நிற்கும். பழுத்தால் தொட்டவுடன் கழன்று வரும். எல்லாம் பறவைகளுக்காகச் செய்த ஏற்பாடு. மிளகாயின் காரத்துக்குக் காரணமான காப்சைசின் பறவைகளை உறுத்துவதில்லை. கிளிக்கு மிளகாய் கொடுத்துப் பழகியவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. நம் நாக்கிலும் தோலிலும் உள்ள நரம்பு முனைகளில் சூட்டை உணரும் டிஆர்பிவி1 என்ற புரதம் இருக்கிறது. காப்சைசின் போய் அதில் ஒட்டிக்கொண்டால், சுடாத ஒன்றைச் சுடுகிறது என்று மூளை நம்பிவிடும். 1997இல் இந்தப் புரதத்தைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸ் 2021ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பறவைகளிடமும் இதே புரதம் உண்டு, ஆனால் காப்சைசின் வந்து ஒட்டும் இடம் அதில் சற்று மாறியிருக்கிறது. பாலூட்டிகள் பல்லால் விதையை நசுக்கிவிடும். பறவைகள் முழுசாக விழுங்கி வேறு இடத்தில் எச்சமிடும். யார் தின்ன வேண்டும், யார் தின்னக் கூடாது என்று செடி காரத்தை வைத்துத் தரம் பிரித்திருக்கிறது.

பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு மெக்சிகோவின் உழவர்கள் இந்தச் செடியைக் கையில் எடுத்தார்கள். பழுத்தும் கழன்று விழாதவை, இலைக்கு அடியில் தொங்கிப் பறவைக்குத் தெரியாதவை, பெரிதாகக் காய்ப்பவை ஆகியவற்றின் விதையை எடுத்து வைத்தார்கள். காரம் குறைந்தவையும் அந்தத் தேர்வில் சேர்ந்துகொண்டன. காரம் போனதற்கு மூலகாரணம் ஒரே ஒரு மரபணுவில் வந்த பழுது. காப்சைசின் உருவாக பன்1 என்ற மரபணு வேலை செய்தாக வேண்டும். குடைமிளகாயில் அந்த மரபணுவின் தொடக்கப் பகுதியில் ஏறத்தாழ 2500 எழுத்துகள் காணாமல் போயிருக்கின்றன. 2005இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் அவர்களோடு சேர்ந்தவர்களும் இதை வெளியிட்டார்கள். தாய்வழி, தந்தைவழி இரண்டு பிரதியும் பழுதானால்தான் காரம் போகும். ஒன்று நன்றாக இருந்தாலும் காய் காரமாகிவிடும்.

இங்கே வீட்டுத் தோட்டக்காரர்களை அலைக்கழிக்கும் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். குடைமிளகாய்க்குப் பக்கத்தில் பச்சை மிளகாய் வைத்தால் குடைமிளகாயும் காரமாகிவிடுமா? ஆகாது. காப்சைசின் உருவாவது விதையில் அல்ல, விதைகள் ஒட்டிக்கொண்டிருக்கும் வெள்ளைத் தசையில். ஒரு காரமான மிளகாயை நீளவாக்கில் பிளந்து பாருங்கள். அந்த வெள்ளைத் தசையின் மேல் மஞ்சளாகச் சில கொப்புளங்கள் மினுங்கும். காரம் அங்கேதான். அந்தத் தசையும் காயின் சதையும் முழுக்கத் தாய்ச்செடியின் உடல். தேனீ எந்த மகரந்தத்தைக் கொண்டுவந்து போட்டாலும் இந்த ஆண்டுக் காயின் சுவை மாறாது. மாறுவது விதைக்குள் இருக்கும் கருதான். அந்த விதையை எடுத்து அடுத்த ஆண்டு போட்டால், குடைமிளகாய் என்று நம்பி வளர்த்த செடியில் கண்ணில் நீர் வரவைக்கும் காய் வரும்.

இன்னொரு நம்பிக்கை, வாட்ஸ்அப்பில் ஆண்டுக்கு ஒருமுறையாவது சுற்றி வருவது: அடியில் நான்கு புடைப்பு இருந்தால் பெண் காய், மூன்று இருந்தால் ஆண் காய். காய்க்கு ஆண், பெண் கிடையாது. ஒவ்வொரு பூவிலும் இரண்டு பாலின் உறுப்புகளும் உண்டு. புடைப்பின் எண்ணிக்கை சூலகத்தில் எத்தனை அறை என்பதைப் பொறுத்தது. ஒரே செடியில் இரண்டு வகையும் காய்க்கும்.

காரம் போனது இருக்கட்டும். நம் கதைக்கு முக்கியமானது அளவு. ஒரு சம்பா மிளகாய் சில கிராம் எடைதான். நன்றாக விளைந்த ஒரு குடைமிளகாய் 150 கிராமைத் தாண்டும். செடியின் உயரமும் இலைப்பரப்பும் அந்த விகிதத்தில் கூடவில்லை. அத்தனை சதையையும் செடி சர்க்கரையிலிருந்து கட்ட வேண்டும். பகலில் இலை சம்பாதிக்கிறது. ஆனால் குடும்பச் செலவு இரவும் பகலும் ஓடிக்கொண்டே இருக்கிறது. செடி சுவாசிக்கச் சர்க்கரையை எரிக்கிறது. வெப்பநிலை 10 டிகிரி கூடினால் இந்த எரிப்பு ஏறத்தாழ இரண்டு மடங்காகும். 18 டிகிரி இரவில் செலவழிப்பதைப் போல இரண்டு மடங்கை 28 டிகிரி இரவில் செடி செலவழித்துவிடும். விடியும்போது கையிருப்பு குறைந்திருக்கும். அப்போது முதலில் கைவிடப்படுவது பூ.

பூ எப்படிக் கைவிடப்படுகிறது என்பதைக் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். கிளை பிரியும் கவட்டில் பூ தலைகீழாகத் தொங்கும். ஐந்து முதல் ஏழு வெள்ளை இதழ்கள். நடுவே நீலமும் ஊதாவும் கலந்த மகரந்தப் பைகள். பூக்காம்பு கிளையோடு சேரும் இடத்தில் மெல்லிய வளையம்போல ஒரு கோடு தெரியும். அதுதான் உதிர்வு அடுக்கு. பூவின் சூலகம் உயிர்ப்போடு வளர்கிறவரை அங்கிருந்து ஆக்சின் என்ற வளர்ச்சி ஊக்கி காம்பு வழியாகக் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். அது வரும்வரை அடுக்கு கெட்டியாக இருக்கும். சர்க்கரை போதாமலோ கரு பிடிக்காமலோ ஆக்சின் குறைந்தால், எத்திலீன் என்ற வாயு ஊக்கியின் கை ஓங்கும். அந்த அடுக்கில் உள்ள உயிரணுக்கள் தங்களை ஒட்டவைத்திருக்கும் பசையைத் தாங்களே கரைக்கத் தொடங்கும். முதலில் காம்பு வெளிர் மஞ்சளாகும். அடுத்த நாளோ அதற்கு மறுநாளோ லேசாகத் தட்டினாலே பூ விழும். விழுந்த பூவின் காம்பு நுனியைப் பாருங்கள். கிழிந்த தடம் இருக்காது, வெட்டி எடுத்ததுபோல வழவழப்பாக இருக்கும்.

வெப்பம் வேறொரு வழியிலும் கெடுக்கிறது. மகரந்தத்தூள் ஒவ்வொன்றும் மாவுச்சத்தைச் சேமித்து வைத்துக்கொண்டால்தான் சூல்முடியில் விழுந்த பிறகு குழாய் நீட்ட முடியும். வெப்பம் கூடினால் மொட்டுக்குள் வந்து சேரும் சர்க்கரையைப் பயன்படுத்தும் நொதிகள் மந்தமாகிவிடுகின்றன. மகரந்தம் வெறுங்கையோடு வெளியே வருகிறது. மகரந்தம் உருவாகும் இந்தக் கட்டம் பூ விரிவதற்கு ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்கு முன்பே நடந்து முடிந்துவிடும். ஆகவே இன்று பூ கொட்டினால் நேற்றைய வெயிலைத் திட்டுவதில் பயனில்லை.

எத்தனை டிகிரி என்று கேட்பீர்கள். பகலில் 21 முதல் 28, இரவில் 16 முதல் 20 என்பது குடைமிளகாய்க்குப் பிடித்த கணக்கு. இரவு 24ஐத் தாண்டினால் காய்ப்பிடிப்பு சரியத் தொடங்கும். பகல் 32ஐத் தாண்டி அதோடு சேர்ந்துகொண்டால் சரிவு வேகமாகும். மறுபக்கமும் உண்டு. இரவு 15க்குக் கீழே போனால் மகரந்தம் முளைக்காது. விதையில்லாமல் தட்டையாகவோ கூர் மூக்கோடோ காய் வரும். ஊட்டியில் குளிர்காலத்தில் திறந்தவெளியில் வைத்தவர்கள் அந்தக் காய்களைப் பார்த்திருப்பார்கள்.

சென்னையில் மே மாதச் சராசரி இரவு வெப்பநிலை 28 டிகிரியை ஒட்டியிருக்கும். ஜனவரியில் 21ஐ ஒட்டி. பெங்களூரு ஜனவரியில் 15, 16 வரை இறங்கும். ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசூரும் பெங்களூருக்குப் பக்கத்து வீடுதான். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் பசுமைக்குடில்களில் குடைமிளகாய் கொட்டிக் கிடப்பதற்கு மண்ணைவிட இரவுகள்தான் முதல் காரணம். வடநாட்டில் இதற்குச் சிம்லா மிளகாய் என்று பெயர் நிலைத்ததற்கும் மலைக்குளிரின் பங்கு உண்டு.

சமவெளியில் இருப்பவர்களுக்கு நல்ல இரவுகள் கிடைப்பது மார்கழி, தை, மாசியில் பாதி வரைதான். அந்த நாட்களில் செடி பூத்து நிற்க வேண்டும் என்றால் கணக்கைப் பின்னோக்கிப் போட வேண்டும். விதை முளைத்து நடவுக்குத் தயாராக 40, 45 நாள். நட்ட பிறகு முதல் பூவுக்கு ஒரு மாதமும் சில நாட்களும். புரட்டாசியில் விதைத்தால் கார்த்திகையில் நடலாம், மார்கழியில் பூக்கும், மாசியில் பச்சைக் காய் பறிக்கலாம். பொங்கல் முடிந்து விதை வாங்கப் போகிறவர்கள் அந்தப் பணத்தில் கத்தரி நாற்று வாங்கினால் நல்லது.

கடலோர மாவட்டங்களில் இதில் ஒரு இடைஞ்சல் உண்டு. நாற்று வளரும் காலமும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றாக வருகின்றன. நாற்றின் தண்டு மண்ணை ஒட்டிய இடத்தில் நைந்து, முந்திய நாள் நிமிர்ந்து நின்றது மறுநாள் காலை படுத்துக் கிடக்கும். நாற்றழுகல் என்ற இந்த நோயைக் கொண்டுவரும் பூசணங்களுக்குத் தேங்கிய ஈரம் ஒன்றே போதும். குழித்தட்டை மழை படாத, வெளிச்சம் உள்ள இடத்தில் வையுங்கள். மேல் பரப்பு காய்ந்த பிறகு மட்டும் நீர் தெளித்தால் பாதிப் பிரச்சினை தீரும். முளைப்புக்கு 25 முதல் 30 டிகிரி போதும் என்பதால் அந்தப் பருவத்தில் சூடேற்றும் வேலை நமக்கு இல்லை. அரை சென்டிமீட்டர் ஆழத்தில் விதைத்தால் எட்டு, பத்து நாளில் தலை காட்டும்.

மாடிக்கென்று ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. பகல் முழுக்கக் காய்ந்த கான்கிரீட் தளம் இரவு வெகுநேரம் வரை அந்தச் சூட்டை வெளியே விட்டுக்கொண்டிருக்கும். வானிலை அறிக்கை 21 டிகிரி என்று சொல்லும் இரவில், தளத்தோடு ஒட்டி வைத்த பையில் இருக்கும் செடிக்கு அதைவிடச் சூடான இரவுதான் கிடைக்கும். செங்கல் வைத்தோ இரும்புத் தாங்கியிலோ பையைத் தூக்கி வைப்பதும், மேற்குச் சுவரை விட்டுத் தள்ளி வைப்பதும், மாலையில் தளத்தில் ஒரு வாளித் தண்ணீர் தெளிப்பதும் எளிய வேலைகள்; விலை கொடுத்து வாங்கும் எந்தப் பூஸ்டரைவிடவும் இவை பலன் தரும். கறுப்புப் பையைவிட வெள்ளைப் பை நல்லது. ஆணிவேர் ஆழம் போகாத செடி இது. பதினைந்து அங்குலப் பையில் செம்மண், மட்கிய தொழுவுரம், நார்க்கழிவு மூன்றும் சமமாகக் கலந்தால் போதும்.

நிழல்வலையைப் பற்றி எனக்கு ஒரு மனத்தாங்கல். ஆண்டு முழுக்க 50 சதவீதப் பச்சை வலைக்கடியில் குடைமிளகாயை வைத்துவிட்டுக் காய் பிடிக்கவில்லை என்பவர்கள் நிறைய. வெளிச்சம் குறைந்தால் சர்க்கரை வரவு குறையும். வரவு குறைந்தாலும் பூ கொட்டும். கார்த்திகை, மார்கழியின் மேகமூட்டத்தில் செடிக்குக் கிடைக்கும் ஒவ்வொரு மணி நேர வெயிலும் தேவை. வலை வேண்டியது மாசிக்குப் பிறகு. அப்போதும் 35 சதவீத வலை போதும். காய்களின் மேல் நேர்வெயில் பட்டுத் தோல் வெளுத்துக் காகிதம்போல் ஆவதை அது தடுக்கும்.

செடியின் கட்டமைப்பைக் கொஞ்சம் கவனித்தால் வளர்ப்பது எளிது. எட்டு, பத்து இலை வரை ஒற்றைத் தண்டாக வளரும். பிறகு நுனி மொட்டே பூவாக மாறிவிடும். அந்தத் தண்டின் கதை அங்கே முடிந்தது. பூவுக்குப் பக்கத்திலிருந்து இரண்டு, சில சமயம் மூன்று கிளைகள் கவையாகப் பிரியும். ஒவ்வொன்றும் ஓரிலை, ஒரு பூ, மறுபடியும் இரண்டு கிளை. ஏட்டுக் கணக்கில் 2, 4, 8, 16 என்று பூ பெருக வேண்டும். நடப்பில் அப்படி ஆவதில்லை. நாலைந்து காய் பிடித்தவுடன், அவை வளரும்வரை புதுப் பூக்களைச் செடி உதிர்த்துக்கொண்டே இருக்கும். வளரும் காய்கள் சர்க்கரையை இழுத்துக்கொள்வதோடு, தங்களிடமிருந்து வெளியேறும் ஊக்கிகளால் பிந்திய பூக்களை அடக்கியும் வைக்கின்றன. ஆகவே காய் நிறைந்த செடியில் பூ கொட்டினால் மருந்துக் கடைக்கு ஓட வேண்டாம். முதல் கவட்டில் வரும் பூவைக் கிள்ளிவிடுவது நல்லது. செடி சிறியதாக இருக்கும்போதே ஒரு பெரிய காய் உட்கார்ந்தால் கிளைகள் வளராமல் நின்றுவிடும். பசுமைக்குடில்களில் இரண்டு தண்டுகளை மட்டும் விட்டுக் கயிற்றில் ஏற்றுவார்கள். வீட்டில் அவ்வளவு கறாராக இருக்கத் தேவையில்லை, ஆனால் ஒரு குச்சி ஊன்றிக் கட்டியே ஆக வேண்டும். கிளை எளிதில் ஒடியும்.

தேனீ வராத மாடியில் காலையில் செடியை லேசாக ஆட்டிவிடுங்கள். தன் மகரந்தமே தன் சூல்முடியில் விழுந்தால் போதும்.

காய் பிடித்த பிறகு வரும் பெரிய ஏமாற்றம் அடி அழுகல். கையளவு வளர்ந்த காயின் அடியில், அல்லது பக்கவாட்டில், வெளிறிய ஈரத்தடம் ஒன்று தோன்றும்; சில நாட்களில் அது பழுப்பாகித் தோல்போல் உள்ளே அமுங்கும். கிருமி இதைத் தொடங்கிவைப்பதில்லை, பின்னால் வந்து குடியேறுவதுதான். காயின் அந்தப் பகுதிக்குக் கால்சியம் போய்ச் சேரவில்லை. உயிரணுச் சுவரைக் கட்டிப்பிடித்து வைப்பது கால்சியம். அது இல்லாமல் வேகமாகப் பருக்கும் திசு உள்ளிருந்தே குலைகிறது.

உடனே முட்டை ஓட்டைப் பொடித்துப் போடச் சொல்வார்கள். முட்டை ஓடு மண்ணில் கரையப் பல மாதங்கள் ஆகும், அதற்குள் பருவமே முடிந்துவிடும். அதைவிட முக்கியமாக, நம் மண்ணில் பெரும்பாலும் கால்சியத்துக்குப் பஞ்சமில்லை. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அதுவே பெருமளவு கால்சியம்தான். பஞ்சம் போக்குவரத்தில். கால்சியம் வேரிலிருந்து நீரோடு சேர்ந்துதான் ஏறும். நீரை இழுப்பவை இலைகள். அவற்றின் துளைகள் வழியாக ஆவியாகும் நீர்தான் மேலே இழுக்கும் விசை. குடைமிளகாயின் மெழுகுத் தோலில் அத்தகைய துளைகள் இல்லை. எனவே பகலில் கால்சியத்தின் பெரும்பங்கு இலைக்கே போய்விடுகிறது, ஒருமுறை இலைக்குப் போனது காய்க்குத் திரும்பி வராது. இரவில் இலைத்துளைகள் மூடிய பிறகு வேரின் அழுத்தத்தால் நீர் மெல்ல ஏறும்போதுதான் காய்க்கும் ஒரு பங்கு கிடைக்கிறது. மாலையில் மண் காய்ந்து கிடந்தால் அந்த இரவுப் பங்கும் போச்சு. ஒரு நாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றும் பழக்கத்துக்கும் அடி அழுகலுக்கும் உள்ள உறவு இதுதான். மண்ணின் மேல் காய்ந்த இலைகளை மூடாக்காகப் போட்டு, ஈரம் ஒரே சீராக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். தழைச்சத்து மிகுந்த உரத்தை, கடலைப் புண்ணாக்குக் கரைசல் உட்பட, வாரந்தோறும் ஊற்றினால் இலை பெருகிக் கால்சியத்துக்குப் போட்டி கூடும். உப்புத் தண்ணீர் வரும் பகுதிகளில் இலை ஓரம் கருகினால், மழைநீரைப் பிடித்து வைத்துக் கலந்து ஊற்றுவதைத் தவிர வேறு வழி குறைவு.

பூச்சிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இலை மேல்நோக்கிப் படகாகச் சுருண்டால் இலைப்பேன். கீழ்நோக்கிக் கவிழ்ந்து காம்பு நீண்டால் மஞ்சள் சிலந்தி. இரண்டையும் வெறும் கண்ணால் பார்ப்பது சிரமம். பூவை ஒரு வெள்ளைத்தாளின் மேல் தட்டினால் இலைப்பேன்கள் ஊசிநுனி அளவில் ஓடுவது தெரியும். 2021இல் ஆந்திர, தெலங்கானா மிளகாய் வயல்களைச் சூறையாடிய இலைப்பேன் வகை பூக்களுக்குள்தான் கூட்டமாகக் குடியிருக்கும். லிட்டர் நீருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலோடு கலந்து, இலையின் அடிப்பக்கம் நனையும்படி மாலையில் தெளிக்கலாம். இலை சிறுத்து, நரம்பு தடித்து, செடி குத்தாகிவிட்டால் அது பெரும்பாலும் வெள்ளை ஈ கொண்டுவந்த வைரஸ். பிடுங்கி எறிவதுதான் மருந்து. பீடி, சிகரெட் பிடிக்கும் கையோடு செடியைத் தொடக் கூடாது என்று சொல்வது மூடநம்பிக்கை இல்லை. புகையிலையும் மிளகாயும் ஒரே குடும்பம். புகையிலை தேமல் வைரஸ் காய்ந்த புகையிலைத் தூளிலும் ஆண்டுக்கணக்கில் உயிர்ப்போடு இருக்கும். சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வாருங்கள்.

பச்சைக் குடைமிளகாய் என்று நாம் வாங்குவது பழுக்காத காய். செடியிலேயே இன்னும் மூன்று, நான்கு வாரம் விட்டால் ரகத்தைப் பொறுத்துச் சிவப்பாகவோ மஞ்சளாகவோ மாறும். பச்சையம் கலைந்து, அது இருந்த அதே நுண்ணுறுப்புக்குள் புது நிறமிகள் சேர்கின்றன. சிவப்பு நிறத்தைத் தரும் காப்சாந்தின் பெரும்பாலும் மிளகாய்ச் சாதியில்தான் காணப்படுகிறது; அதைச் செய்யும் நொதி கெட்டுப்போன ரகங்களில் வேலை பாதி வழியில் நின்று, காய் மஞ்சளாகவே தங்கிவிடுகிறது. சர்க்கரையும் ஏறும்: 100 கிராம் பச்சைக் காயில் 2.4 கிராம், சிவப்பில் 4.2 கிராம் வரை. தக்காளியைப்போலப் பச்சையாகப் பறித்து அரிசிப் பானையில் வைத்துப் பழுக்கவைக்கலாம் என்று நினைக்காதீர்கள்; முழுப் பச்சைக் காய் அப்படியே சுருங்கும். கொஞ்சம் நிறம் திரும்பியதைப் பறித்தால் மீதி வீட்டில் திரும்பும்.

பச்சைக் காய்க்கே உரிய அந்தப் புல் வாசனை சிலருக்குப் பிடிக்காது. அதற்குக் காரணமான பைரசின் வகை வேதிப்பொருளை 1969இல் அமெரிக்க ஆய்வாளர்கள் பிரித்தறிந்தார்கள். ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கி, அதில் இரண்டு பங்கை ஒரு லிட்டர் நீரில் கரைத்தாலும் நம் மூக்கு கண்டுபிடித்துவிடும். பழுக்கப் பழுக்க இது குறைகிறது. குடைமிளகாய் பிடிக்காது என்று அடம்பிடிக்கும் குழந்தைக்குச் சிவப்புக் காயைக் கொடுத்துப் பாருங்கள்.

வைட்டமின் சி கதையிலும் இந்தக் காய்க்கு ஓர் இடம் உண்டு. ஹங்கேரியின் செகெட் நகரில் பணியாற்றிய ஆல்பர்ட் சென்ட்-ஜார்ஜி, மாட்டின் அட்ரினல் சுரப்பியிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்து, அதுதான் வைட்டமின் சி என்று கண்டறிந்திருந்தார். ஆனால் மேலும் ஆராயக் கையில் போதிய அளவு இல்லை. செகெட், மிளகாய் விளையும் ஊர். ஒருநாள் இரவுச் சாப்பாட்டில் மனைவி இனிப்பு மிளகாயை வைத்தார். அவருக்கு அதைத் தின்ன மனமில்லை. வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்லவும் துணிவில்லை. இதை இன்னும் சோதித்துப் பார்க்கவில்லையே என்று சொல்லி ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்று நள்ளிரவுக்குள் அதில் வைட்டமின் சி நிறைந்திருப்பது தெரிந்துவிட்டது. கிராம் கிராமாகச் சேர்த்துவந்த பொருள் பிறகு கிலோக் கணக்கில் கிடைத்தது. 1937இல் நோபல் பரிசு. அவர் தன் நினைவுக் குறிப்பில் இதைத் தானே எழுதியிருப்பதால் நாமும் நம்பலாம். 100 கிராம் பச்சைக் குடைமிளகாயில் ஏறத்தாழ 80 மில்லிகிராம் வைட்டமின் சி, சிவப்பில் 128. வதக்கினால் கணிசமாகக் குறையும்.

பச்சையில் பறிப்பதா, பழுக்க விடுவதா என்பது உங்கள் விருப்பம். பழுக்கக் காத்திருக்கும் ஒவ்வொரு காயும் புதுப் பூக்களை அடக்கிவைக்கும் என்பதால் எண்ணிக்கை குறையும். மாசியில் வரும் முதல் காய்களைப் பச்சையாகப் பறித்துவிட்டு, இரவுகள் சூடாகத் தொடங்கும் பங்குனிக் காய்களைப் பழுக்க விடுவது எனக்குச் சரியாகப் படுகிறது; அதற்குப் பிறகு எப்படியும் பூ நிற்காது. பறிக்கும்போது இழுக்காமல் கத்தரியால் காம்போடு வெட்டுங்கள்.

எந்த ரகம் என்று கேட்டால், பெங்களூருவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்க்கா மோகினி, அர்க்கா கௌரவ், அர்க்கா பசந்த் மூன்றும் விதை எடுத்து வைத்துக்கொள்ளக் கூடியவை. கடைகளில் கிடைக்கும் வீரிய ஒட்டு விதைகள் விளைச்சலில் முந்தும். தூத்துக்குடி, ராமநாதபுரம்போல மார்கழி இரவுகளும் அவ்வளவாகக் குளிராத கடலோரங்களில் இருப்பவர்களுக்கு என் பரிந்துரை பஜ்ஜி மிளகாய். காரம் பெயருக்குத்தான் இருக்கும். காய் சிறிது, சதை மெல்லிது. ஆகவே செடி கேட்கும் சர்க்கரையும் குறைவு, சூடான இரவையும் ஓரளவு தாங்கும். குடைமிளகாய்க்கு மூன்று பருவம் போராடித் தோற்பதைவிட இது எவ்வளவோ மேல்.

சந்தையில் வாங்கிய மஞ்சள் குடைமிளகாயின் விதையைப் போட்டால் முளைக்குமா? முளைக்கும். ஆனால் அவை பெரும்பாலும் வீரிய ஒட்டு ரகங்கள். இரண்டு பெற்றோரின் குணங்களும் அடுத்த தலைமுறையில் பிரிந்து கலையும்: ஒரு செடியில் நீளக் காய், இன்னொன்றில் உருண்டை, வேறொன்றில் தடிமனே இல்லாத சதை. வேடிக்கை பார்க்க வளர்க்கலாம். பச்சைக் குடைமிளகாயின் விதை முற்றாதது என்பதால் அதை நம்ப வேண்டாம். சொந்த விதை வேண்டுமென்றால், ஒட்டு அல்லாத ரகத்தில் நல்ல செடியாகப் பார்த்து, நாளை விரியும் மொட்டு ஒன்றை இன்று மாலையே மெல்லிய துணிப்பையால் மூடிக் கட்டுங்கள். காய் பிடித்தவுடன் பையை எடுத்துவிட்டு, காம்பில் அடையாளமாக ஒரு நூல் கட்டலாம். காய் முழுக்கச் சிவந்து தோல் லேசாகச் சுருங்கும்வரை செடியிலேயே இருக்கட்டும். விதையை நிழலில் உலர்த்தி, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, ரகமும் ஆண்டும் எழுதிக் குளிர்ந்த இடத்தில் வையுங்கள். இரண்டு, மூன்று ஆண்டு வரை நன்றாக முளைக்கும். அதற்குப் பிறகு ஒரு குழிக்கு இரண்டு விதையாகப் போட வேண்டியிருக்கும்.